சதுர அடிக்குப் பெயர்

எங்கள் தெருமுனை வீட்டில் வாடகைக்கு இருக்கும் பெண் ஓசூர் சிப்காட்டில் ஒரு மின்னணு ஆலையில் வேலை பார்க்கிறாள். முப்பத்தொரு வயது, திருமணம் செய்துகொள்ளவில்லை. அவள் போகிற ஆலயத்துக்குப் புதுக் கட்டடம் எழும்பியபோது சதுர அடிக்கு இவ்வளவு என்று கணக்கு வைத்து நன்கொடை வாங்கினார்கள். பத்து சதுர அடிக்கான பணத்தை ஓவர்டைம் சம்பளத்திலிருந்து ஐந்து தவணையில் கட்டினாள். ரசீது அவள் பெயரில்தான் வந்தது. பிரதிஷ்டை அன்று திறந்து வைத்த கருங்கல் பலகையில் அவளுடைய அண்ணன் பெயர் இருந்தது. அண்ணன் தர்மபுரியில் இருக்கிறான். அந்தக் கட்டடத்தின் வாசல் எந்தப் பக்கம் என்றுகூட அவனுக்குத் தெரியாது.

“குடும்பத்துல ஆம்பள பேருதான் போடுவாங்களாம்க்கா” என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவளோடு நானும் போய்க் கேட்டேன். பெரியவர் மரியாதையாகத்தான் பேசினார், நாற்காலி போடச் சொன்னார், காபி வரவழைத்தார். இரண்டு பதில்கள் வைத்திருந்தார். ஒன்று, பெயருக்காகக் கொடுக்கக் கூடாதம்மா, வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக் கூடாது. பலகையில் நாற்பத்தேழு ஆண்களின் பெயர்கள் இருந்தன. நாற்பத்தேழு இடது கைகளுக்கும் தெரிந்துவிட்டிருந்தது. ஆகவே அந்தப் பதிலை அங்கேயே விட்டுவிடுகிறேன். இரண்டாவது பதில்தான் என்னை எழுத உட்கார வைத்தது: “ஆதியிலிருந்தே இதுதானம்மா வழக்கம்.”

எந்த ஆதி?

சிரியாவில் ஒரோன்டெஸ் ஆற்றங்கரையில் அபமேயா என்றொரு நகரம் இருந்தது. அங்கே யூதர்களின் ஜெப ஆலயம் ஒன்றுக்கு கிபி 391இல் வண்ணச் சில்லுகள் பதித்துத் தரை போட்டார்கள். கொடுத்தவர்களின் பெயரையும், எத்தனை அடித் தரைக்குக் கொடுத்தார்கள் என்ற அளவையும் அந்தத் தரையிலேயே கிரேக்கத்தில் பதித்தார்கள். ஆம், அடிக் கணக்கு. எங்கள் ஓசூர்க்காரர்கள் கண்டுபிடித்ததல்ல அது. அலெக்சாந்திரா என்ற பெண் நேர்த்திக்கடனாக நூறு அடி கொடுத்தாள். அம்புரோசியா ஐம்பது அடி. சப்ரிக்கியா நூற்றைம்பது அடி. வீட்டார் எல்லாருடைய நலத்துக்காகவும் கொடுத்ததாகச் சிலர் எழுத வைத்திருக்கிறார்கள். அங்கேயும் குடும்பம் வருகிறது, மறுக்கவில்லை. ஆனால் கொடுத்தவள் எழுவாயாக நிற்கிறாள், குடும்பம் அவளுக்குப் பின்னால் வருகிறது. தமிழ் இலக்கணம் நடத்திப் பிழைக்கிறவளுக்கு இந்த எழுவாய் கண்ணில் படாமல் போகாது. சில ஆண்டுகளிலேயே அந்த ஆலயம் போய், அதே இடத்தில் கிறிஸ்தவர்கள் கோயில் கட்டினார்கள். அந்தக் கோயிலுக்கு அடியில் கிடந்ததால்தான் தரை பிழைத்தது. 1930களில் பெல்ஜிய அகழாய்வாளர்கள் தோண்டியபோது பெண்கள் பெயரோடு வெளியே வந்தார்கள்.

கொடையாளிகள் மட்டுமல்ல. இன்றைய துருக்கியின் இஸ்மிரில், அன்றைய ஸ்மிர்னாவில், ரூஃபினா என்ற யூதப் பெண் வைத்த கல்வெட்டு இருக்கிறது. அவளுக்கு அதில் உள்ள பட்டம் ஜெப ஆலயத் தலைவர். ஒரு தலைவரின் மனைவி என்ற பொருளில்தான் அந்தப் பட்டம் வந்திருக்கும் என்று ஆய்வாளர்கள் நெடுங்காலம் உரை எழுதிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கல்வெட்டில் கணவன் என்று ஒருவன் இல்லவே இல்லை. இல்லாத கணவனைக் கற்பித்துக்கொண்டு உரை எழுதுவது எல்லா மொழியிலும் உண்டு போலும். பெர்னதெத் புரூட்டன் 1982இல் இப்படிப்பட்ட பத்தொன்பது கிரேக்க, லத்தீன் கல்வெட்டுகளை ஒன்றாக வைத்து வாசித்து, பட்டத்தைப் பட்டமாகவே எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். பண்டைய ஜெப ஆலயங்களில் பெண்களுக்கென்று தனி மாடம் இருந்தது என்ற நம்பிக்கைக்கும் உறுதியான அகழாய்வுச் சான்று இல்லை என்று காட்டினார். வழக்கம் என்று நாம் கும்பிடுவதில் பாதி, பின்னால் வந்தவர்கள் முன்னால் கொண்டுபோய் வைத்தது.

கான்ஸ்டான்டிநோபிளுக்கு வருகிறேன். அனிசியா யூலியானா, அரச குலத்துப் பெண். 524க்கும் 527க்கும் இடையில் புனித பாலியூக்டஸ் பெயரில் மாபெரும் கோயில் ஒன்றைக் கட்டினாள். ஹாகியா சோபியாவை யுஸ்தினியன் கட்டுவதற்கு முன்பு அந்த நகரத்தின் பெரிய கோயில்களில் அதுவும் ஒன்று. அதன் சுவரில் மயில் தோகைகளும் திராட்சைக் கொடிகளும் சூழ எழுபத்தாறு அடியில் ஒரு கவிதையைச் செதுக்க வைத்தாள். அதே இடத்தில் முன்பு கோயில் கட்டிய தன் முப்பாட்டி யூதோக்கியாவில் தொடங்கி, தன்னிடம் வருகிறது அந்தக் கவிதை. பெண்ணிலிருந்து பெண்ணுக்கு இறங்கும் மெய்க்கீர்த்தி! கோயில் இடிந்தது, தூண்களைச் சிலுவைப் போர்க்காரர்கள் வெனிசுக்குக் கொண்டுபோனார்கள். கவிதை மட்டும் ஏட்டில் இருந்தது. 1960இல் இஸ்தான்புல்லில் சாலை போடத் தோண்டியபோது எழுத்துச் செதுக்கிய பளிங்குத் துண்டுகள் கிடைத்தன. ஏட்டில் இருந்த அடிகளோடு ஒப்பிட்டுத்தான் இது யூலியானாவின் கோயில் என்று அறிந்தார்கள். கட்டடத்தை அடையாளம் காட்டியது கவிதை. கவிதை எழுதுகிறவள் என்பதால் இந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு, மன்னியுங்கள்.

நம் பக்கத்துக் கதையையும் சொல்லிவிட வேண்டும். செம்பியன் மாதேவி பத்தாம் நூற்றாண்டில் சோழ நாட்டின் செங்கல் கோயில்களைக் கற்றளிகளாக மாற்றியவர். கோனேரிராஜபுரத்தில் அவர் எடுப்பித்த கோயிலைக் கணவர் கண்டராதித்தர் பெயரால் எடுப்பித்தார். கண்டராதித்தர் அப்போது உயிரோடு இல்லை. அரசிக்கே அந்த நிலை என்றால் சிப்காட் தொழிலாளிக்கு அண்ணன் பெயர் வந்ததில் வியப்பென்ன? ஆனால் ஒரு வேறுபாடு. மாதேவி அதைத் தானே தேர்ந்தார், தானே கொடுத்தார் என்பதும் கல்லில் இருக்கிறது. எங்கள் தெருப் பெண்ணிடம் யாரும் கேட்கவில்லை.

மாணவிகளோடு சுற்றுலா போனபோது கேரளத்தின் சேந்தமங்கலம் ஜெப ஆலயத்தைப் பார்த்தேன். வாசலில் ஒரு கல் நிற்கிறது, 1269ஆம் ஆண்டுக்குரிய கல்லறைக் கல். இந்தியாவில் கிடைத்த மிகப் பழைய எபிரேயக் கல்வெட்டாகக் கருதப்படுகிறது. இஸ்ராயேலின் மகள் சாரா என்ற பெயர் அதில் இருக்கிறது. பழமையையும் எபிரேயத்தையும் எல்லாரும் சொல்கிறார்கள். அது ஒரு பெண்ணின் கல் என்பதைப் போகிற போக்கில்தான் சொல்கிறார்கள். கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரிக்கு அது போகிற போக்கில் கடக்கிற செய்தியல்ல. எங்கள் ஊர்ப்பக்கம் எங்கு திரும்பினாலும் நடுகல். வீரன் வில்லோடு நிற்பான். அவனை மேலுலகத்துக்குத் தூக்கிப் போகும் தேவமகளிராகப் பெண்கள் வருவார்கள். இல்லையென்றால் வளையணிந்த கையை மடக்கி உயர்த்திய சதிக்கல். கல்லில் இடம்பிடிக்க எரிய வேண்டியிருந்தது. சாரா செத்துப்போனாள், அவளுக்குக் கல் வைத்தார்கள், அவ்வளவுதான். அந்த ‘அவ்வளவுதான்’ முன்னால் நெடுநேரம் நின்றேன்.

உள்ளே மாடி. கேரள ஜெப ஆலயங்களில் கீழே நடுவில் ஒரு மேடை, மாடியில் இன்னொரு மேடை. சபாத்திலும் திருநாள்களிலும் மாடி மேடையிலிருந்து தோரா வாசிப்பார்கள். அந்த மேடைக்குப் பின்னால் மர அழித் தடுப்பு, அதற்கப்பால் பெண்கள். “பெண்கள்தான் வேதத்துக்கு மிக அருகில் இருந்தார்கள்” என்று ஒருவர் எங்களுக்கு ஆறுதலாகச் சொன்னார். ஒரு மாணவி சட்டென்று கேட்டாள்: “அப்ப அழி எதுக்கு சார்?” அவளுக்கு அகமதிப்பெண் முழுதும் போட்டேன்.

ஆனால் அந்த அழிக்குப் பின்னாலிருந்த பெண்கள் சும்மா இருக்கவில்லை. கொச்சி யூதப் பெண்கள் மலையாளத்தில் பாட்டுகளை நோட்டுப் புத்தகங்களில் எழுதித் தலைமுறை தலைமுறையாகக் காத்தார்கள். கல்யாணப் பாட்டுகளோடு தங்கள் பள்ளிகள் எழும்பிய கதையைச் சொல்லும் பாட்டுகளும் அவற்றில் உண்டு. 1950களில் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தபோது அந்த நோட்டுகளும் போயின. ஸ்கரியா சக்கரியாவும் ஓஃபிரா கம்லியேலும் சேர்ந்து 2005இல் அவற்றிலிருந்து ‘கார்குழலி’ என்ற தொகுப்பைக் கொண்டுவந்தார்கள்.

என்னை நானே மறித்துக்கொள்ள வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. அலெக்சாந்திரா கையில் காசு இருந்தவள். ரூஃபினா அந்தக் கல்லறையைக் கட்டியதே தன்னுடைய அடிமைகளுக்கும் விடுதலை பெற்றவர்களுக்கும்தான். அந்த அடிமைகளின் பெயர் அதில் கிடையாது. யூலியானாவின் பளிங்கைச் சுமந்தவர்கள் யார் என்று எழுபத்தாறு அடியும் சொல்லாது. பணம் கொடுத்தவளுக்குப் பெயர் வேண்டும் என்று நான் எழுதினால், கிருஷ்ணகிரியின் கிரானைட் பட்டறைகளில் தூசி தின்கிற பெண்கள், அந்த ஆலயத்துக்குக் கலவை சுமந்த சித்தாள்கள் என்னிடம் கேட்பார்கள், எங்கள் பெயர் எங்கே டீச்சர் என்று. கேட்கட்டும். அவர்கள் கேட்பார்கள் என்பதற்காக இவளுக்கு உரியதை விட்டுக்கொடுக்க முடியாது. ஒரு பெண்ணின் நியாயத்தை இன்னொரு பெண்ணின் நியாயத்தால் அடைப்பது கமிட்டிக்காரர்களுக்குத் தெரிந்த பழைய வித்தை. கொத்தனார், சித்தாள் பெயர்களைப் பதிக்க இன்னொரு பலகைக்கு ஆகும் செலவில் நானும் பங்கு தருகிறேன் என்று பெரியவரிடமே சொன்னேன். அவர் காபி ஆறுகிறது என்றார்.

கல்லில் இனி ஒன்றும் செய்ய முடியாது, வெட்டியது வெட்டியதுதான் என்பது அவருடைய கடைசிப் பதில். ராயக்கோட்டை சாலையில் கல்லில் எழுத்து வெட்டுகிறவரிடம் கேட்டேன். பெயரை மாற்றினால் முகம் முழுதும் தேய்த்து மறுபடி பாலிஷ் போட வேண்டும், புதிதாக ஒரு வரி சேர்ப்பதென்றால் அரை நாள் வேலை, கீழே இடம் இருக்கிறதா என்றார்.

நான்கு அங்குலம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, அவள் டேப்பைப் பிடிக்க நான் அளந்தேன்.