ரொட்டிக் கடையில் ஊமையாக நின்றேன்

மேற்படிப்புக்காக ஜெர்மனி சென்ற முதல் ஞாயிற்றுக்கிழமை. டோர்ட்முண்ட் நகரில் அரிசி வாங்கப் பையைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டேன். தெரு முழுக்கக் கடைகள் பூட்டிக் கிடந்தன. ஞாயிற்றுக்கிழமை கடை திறக்கக்கூடாது என்பது அங்கே சட்டம். ரயில் நிலையக் கடைகள், பெட்ரோல் நிலையங்கள் போன்ற சிலவற்றுக்குத்தான் விலக்கு. நள்ளிரவிலும் மாமாக் கடையில் ரொட்டி சானாய் சாப்பிட்டு வளர்ந்த எனக்கு அது எங்கே தெரியும்? அன்று மூன்று வேளையும் பிஸ்கட்தான்.

வெளிநாடு போகும் மாணவர்களுக்கு இங்கே விளக்கக் கூட்டங்கள் நடக்கின்றன. விசா, கட்டணம், குளிராடை என்று எல்லாம் சொல்கிறார்கள். “பாடம் ஆங்கிலத்தில்தான், மொழிப் பிரச்சினையே இல்லை” என்றும் சொல்கிறார்கள். அங்கேதான் தவறு தொடங்குகிறது. விரிவுரை ஆங்கிலத்தில் நடக்கலாம். வயிறு ஆங்கிலத்தில் நிறையாது.

மறுநாள் ரொட்டிக் கடைக்குப் போனேன். கண்ணாடிப் பெட்டிக்குள் பத்துப் பதினைந்து வகை ரொட்டிகள். ஒன்றின் பெயரும் தெரியாது. விரலை நீட்டினேன். கடைக்கார அம்மா ஏதோ கேட்டார். விழித்தேன். மறுபடியும் கேட்டார். பின்னால் வரிசை நீண்டது. ஒருவர் பெருமூச்சு விட்டார். குத்துமதிப்பாக “யா” என்றேன். ரொட்டியை இயந்திரத்தில் வைத்துத் துண்டு போட்டுக் கொடுத்தார். ‘வெட்டித் தரவா?’ என்பதுதான் கேள்வி! இவ்வளவுக்கு முகமெல்லாம் வியர்த்துவிட்டது.

அதன்பின் அந்தக் கடைப் பக்கமே போகவில்லை. பேரங்காடியில் யாரிடமும் பேச வேண்டாம். எடுக்கலாம், பணம் கட்டலாம், வந்துவிடலாம். உணவகத்தில் தண்ணீர் கேட்டு, நுரைக்கும் சோடாத் தண்ணீர் வந்து, அதற்கும் காசு கட்டியதோடு வெளியில் சாப்பிடுவதையும் விட்டேன். குடித்த பிளாஸ்டிக் போத்தல்களைக் குப்பையில் வீசினேன். கடையிலுள்ள இயந்திரத்தில் திருப்பிப் போட்டால் ஒவ்வொன்றுக்கும் 25 சென்ட் முன்பணம் கிடைக்கும், நம் கணக்கில் 1 ரிங்கிட்டுக்கும் மேல் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளில்லை. இரண்டு மாதங்களாக அந்த ஊர்க்காரர் ஒருவரிடமும் நான் பேசியிருக்கவில்லை. வகுப்பு, அறை, மெகி மீ. வீட்டுக்குப் பேசும்போது மட்டும் “எல்லாம் நல்லா இருக்கும்மா” என்பேன்.

மாற்றியவர் முருங்கைக்காய் வாங்கப் போன கடையின் ஈழத்து அக்கா. “தம்பி, வந்து ரெண்டு மாசமாச்சு, இன்னும் பாஷை பிடிபடேல்லையோ? எங்களுக்கும் வரேக்க ஒரு சொல்லும் தெரியாது. சந்தையில நிண்டுதான் பழகினது. நீரும் போம்” என்றார். அகதியாக வந்தவருக்கு விளக்கக் கூட்டம் யாரும் நடத்தியிருக்க மாட்டார்கள்.

சனிக்கிழமைச் சந்தைக்குப் போய், “ட்ஸ்வை கிலோ டொமாட்டன், பிட்டே” என்றேன். தக்காளிக்காரர் என் உச்சரிப்பைத் திருத்தினார். அடுத்த வாரம் முகம் பார்த்துச் சிரித்தார். மூன்றாம் வாரம் மழையைப் பற்றி ஏதோ சொன்னார், பாதி புரிந்தது. அந்த ஊரில் எனக்குக் கிடைத்த முதல் ஆசிரியர் அவர்தான்.

ஆகவே, விமானம் ஏறப்போகும் தம்பி தங்கைகளே, பாடம் எந்த மொழியில் நடந்தாலும் சரி, போகிற நாட்டின் கடைப் பேச்சில் முப்பது சொற்களையாவது கற்றுக்கொண்டு போங்கள். போன பிறகு ஆளில்லாத இயந்திரத்தைத் தேடி ஓடாதீர்கள். ஆள் நிற்கும் கடைக்குப் போய்த் தப்புத் தப்பாகப் பேசுங்கள்.

விடுமுறையில் கிள்ளானுக்கு வந்திருந்தபோது மளிகைக் கடையில் எனக்கு முன்னால் வங்காளதேசத் தொழிலாளி ஒருவர். ஊருக்குப் புதியவர் போலும். வெங்காயத்தை நோக்கி விரலை நீட்டியபடி நின்றார். எனக்குப் பின்னாலிருந்து யாரோ ‘உச்’ கொட்டினார். போவதற்கு முன் நானும் இப்படி எத்தனை முறை கொட்டியிருப்பேன்! “பாவாங்” என்றேன் அவரிடம். “பாவாங், சத்து கிலோ” என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, என்னைத் திரும்பிப் பார்த்தார்.