அரை ஏக்கர் மயானம்

வாணியம்பாடிக்கு அடுத்த நாராயணபுரத்தில் 2019-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் நடந்த சங்கதி வாசகர்களில் பலருக்கு ஞாபகமிருக்கலாம். ஆதிதிராவிடத் தோழர் ஒருவர் இறந்துபோனார். பாலாற்றங்கரை மயானத்திற்குப் போகும் வழி மேல்ஜாதியார் என்போரின் நிலங்களுக்கு ஊடே இருந்தது. அவ்வழியே பிணம் போகக்கூடாதாம். ஆகவே சொந்தக்காரர்கள் சுமார் 20 அடி உயரப் பாலத்தின் மீதிருந்து பாடையைக் கயிறு கட்டிக் கீழே இறக்கினார்கள். கிணற்றில் குடத்தை இறக்குவதுபோல் ஒரு மனிதனை இறக்கினார்கள்!

நம் நாட்டில் நிலத்தின் தீட்டே ஒரு விசித்திரம். உயிரோடு கூலிக்கு வந்து களை பிடுங்கினால் தீட்டில்லை. செத்தபின் நாலு பேர் தோளில் போனால் தீட்டு!

படம் ஊரெல்லாம் பரவிற்று. அதிகாரிகள் ஓடோடி வந்தார்கள். வந்து வழியைத் திறந்தார்களா? அதுதான் இல்லை. ஆதிதிராவிடர்களுக்கென்று தனியே அரை ஏக்கர் நிலத்தை மயானத்திற்காக ஒதுக்கினார்கள். இதுவே அந்தப் புது மயானத்தின் ஜனன சரித்திரம். பெற்றுக்கொண்டவர்களை நாம் குறை கூற வரவில்லை; பிணத்தை வீட்டில் வைத்துக்கொண்டு எவனும் தத்துவம் பேச முடியாது. ஆனால் வழி மறித்தவர்களுக்கு இதனால் என்ன நஷ்டம்? இனி அந்தப் பக்கம் பிணமே வராது. அவர்கள் கேட்டதும் அதுதானே?

தானாகவே வழக்கை எடுத்துக்கொண்ட சென்னை ஐக்கோர்ட்டும், தனி மயானம் கொடுப்பதால் சர்க்காரே ஜாதிப் பிரிவினைக்கு இடங்கொடுப்பதாகாதா என்றுதான் கேட்டது. 2015-ல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டமோ, மயானத்தை மற்றவர்களோடு சமமாக உபயோகிக்க விடாமல் தடுப்பது குற்றமென்றே சொல்லுகின்றது. இதே ராஜ்யத்தில் 1998 முதல் பெரியார் பெயரால் ஏற்பட்ட சமத்துவபுரங்களில் 100 வீட்டுக்கு 40 வீடு ஆதிதிராவிடருக்கென்று வைத்து, மயானத்தை எல்லோருக்கும் ஒன்றாகவே வைத்தார்கள். அங்கே ஒரு சாம்பல் இன்னொரு சாம்பலோடு சண்டை பிடித்ததாக நமக்குத் தகவலில்லை.

அரை ஏக்கர் அளந்து கொடுக்கத் தெரிந்த சர்க்காருக்குப் பழைய மயானத்திற்கு ஒரு வண்டிப் பாதை அளந்து கல் நட ஏன் தெரியவில்லை? மறிக்கிறவன் மீது வழக்குப் போட ஏன் கை வரவில்லை?

தோழர்கள் அவரவர் ஊரில் மயானம் எத்தனை, எது எந்த ஜாதிக்கு, எதற்குப் பாதையுண்டு, எதற்கில்லை என்பதை நேரில் பார்த்து நமக்கு எழுதட்டும். ஊர்ப் பெயரோடு அச்சிடுவோம்.