பூட்டு பூனாவிலே! சாவி டில்லியிலே!

இரண்டு பிளக் வைத்த இஞ்சின் யாருக்குச் சொந்தம்? இந்த ஒரு கேள்விக்கு விடை சொல்ல நமது நீதிமன்றங்களுக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் போதவில்லை. 2007இல் மூண்ட வழக்கு; 2019இல் வாதியும் பிரதிவாதியும் சமாதானம் பேசி விலகிக்கொண்டபோது முடிந்தது. தீர்ப்பு எங்கே என்று கேட்கிறோம். தீர்ப்பு பிறக்கவே இல்லை!

வழக்கில் சிக்கிய வண்டி ஓசூரில் பிறந்த வண்டி. ஆகவே இது நமது வீட்டு வழக்கு. எட்ட நின்று வேடிக்கை பார்க்க நமக்கு உரிமையில்லை.

ஓசூர் எந்த ஊர்? ராகியும் கொள்ளும் விளைந்த மேட்டு நிலம். ஜூஜூவாடிக்கு அப்பால் அத்திப்பள்ளி, கர்நாடகம், இப்பால் தமிழகம். 1971இல், கலைஞர் ஆட்சியிலே சிப்காட் பிறந்தது. அதன் தொழிற்பேட்டை இந்த எல்லை மண்ணிலும் எழுந்தது. தமிழக அரசின் டிட்கோவும் டாட்டாவும் கூட்டாகக் கண்ட டைட்டன் கடிகாரம் இங்கே ஓடத் தொடங்கிற்று. அசோக் லேலண்ட் லாரி இங்கே உருண்டது. 1980இல் டி.வி.எஸ். 50 இங்கிருந்து புறப்பட்டு, பால்காரரையும் காய்கறிக்காரரையும் பட்டிதொட்டியெல்லாம் சுமந்து சென்றது. நிலம் தந்தது தமிழகம். சாலை போட்டது தமிழகம். உழைத்தது தமிழகத் தொழிலாளி!

அந்த ஓசூரிலிருந்து 2007 டிசம்பரில் 'பிளேம்' என்ற 125 சி.சி. மோட்டார் சைக்கிளை டி.வி.எஸ். அறிமுகம் செய்தது. உடனே பூனாவிலிருந்து பஜாஜ் ஆட்டோ குறுக்கே வந்து நின்றது. சிறிய இஞ்சினில் இரண்டு ஸ்பார்க் பிளக் பொருத்தும் முறை தன்னுடைய காப்புரிமை என்றது. எண் 195904, விண்ணப்பித்த நாள் 2002 ஜூலை 16, கிடைத்தது 2005 ஜூலையில்.

இரண்டு பிளக்கில் அப்படி என்ன மகிமை? பெட்ரோலும் காற்றும் கலந்த கலவைக்குத் தீ வைப்பது பிளக். ஒன்றுக்கு இரண்டாக வைத்தால் இரு பக்கமிருந்தும் தீ பரவுகிறது. கலவை விரைந்து எரிகிறது. பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்த கலவையும் எரிகிறது. வண்டி வைத்திருப்பவனுக்குப் பெட்ரோல் மிச்சம். நல்ல வேலைதான், மறுக்கவில்லை.

ஆனால் ஓசூர்த் தரப்பு சொன்னதென்ன? எங்கள் இஞ்சினில் மூன்று வால்வு; தொழில்நுட்பம் ஆஸ்திரியாவின் ஏ.வி.எல். நிறுவனத்தினுடையது, இரட்டைப் பிளக்கோ, ஜப்பானின் ஹோண்டா முன்பே அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற பழைய சங்கதி, எனவே பஜாஜின் காப்புரிமையே செல்லாது என்று வாதாடியது.

எது உண்மை? அதைத்தானே நீதிமன்றம் சொல்ல வேண்டும்! 2008 பிப்ரவரி 16இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி இடைக்காலத் தடை விதித்தார். 'பிளேம்' ஒற்றைப் பிளக்கோடு கடைக்கு வந்தது. 2009 மே 18இல் அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு தடையை நீக்கியது. வழக்கு உச்ச நீதிமன்றம் ஏறியது. 2009 செப்டம்பர் 16இல் உச்ச நீதிமன்றம், வண்டியை விற்கலாம், விற்றதற்குக் கணக்கு வைக்க வேண்டும் என்றது. இத்தகைய வழக்குகள் இடைக்காலத் தடையைச் சுற்றியே ஆண்டுக்கணக்கில் சுழல்கின்றன என்று வருந்தியது. நாள்தோறும் விசாரித்து 2009 நவம்பர் 30க்குள் முடியுங்கள் என்று ஆணையும் இட்டது.

2009 நவம்பர் வந்தது, போனது. பத்து நவம்பர்கள் வரிசையாக வந்தன. 2019இல் இரு நிறுவனங்களும் சமரசம் கண்டன. 2022 ஜூலையில் அந்தக் காப்புரிமையின் இருபதாண்டு ஆயுளும் தீர்ந்தது. வேலி போட்டார்கள், வேலிக்காக வழக்காடினார்கள், வேலியும் மக்கிப்போனது. அந்த நிலத்துக்குப் பட்டா உண்டா, இல்லையா என்பதை மட்டும் கடைசிவரை ஊருக்குச் சொல்லவில்லை!

நாம் எந்த முதலாளிக்கும் வக்காலத்து வாங்கவில்லை. டி.வி.எஸ்.ஸும் முதலாளி; பஜாஜும் முதலாளி. இரண்டு யானைகள் மோதிக்கொண்டால், யானை பிழைத்துக்கொள்ளும். நமது கவலை காலடியில் கிடக்கும் புல்லைப் பற்றியது. ஓசூரில் ஒற்றை லேத்து வைத்துப் பட்டறை நடத்துகிறானே, அவனைப் பற்றியது. அவன் தானாக மூளையைக் கசக்கி ஒரு பாகத்தைச் செய்கிறான் என்று வைத்துக்கொள்வோம். எங்கோ ஒரு பெரிய நிறுவனத்தின் வக்கீல் நோட்டீஸ் வருகிறது: "இது எங்கள் காப்புரிமை, உடனே நிறுத்து!" அந்தக் காப்புரிமை செல்லுமா, செல்லாதா? யாருக்குத் தெரியும்! ஆதாரமில்லாமல் மிரட்டினால் எதிர்வழக்குப் போடலாம் என்று சட்டத்தில் 106ஆம் பிரிவு இருக்கிறது. இருந்தென்ன? பன்னிரண்டு ஆண்டு வழக்கை டி.வி.எஸ். தாங்கும். பட்டறைக்காரன் பன்னிரண்டு மாதம் தாங்குவானா? அவன் லேத்தை நிறுத்துவான். அவனிடம் வேலை செய்த நான்கு பேர் அடுத்த நாள் பஸ் ஸ்டாண்டில் நிற்பார்கள். நீதி தாமதிக்கும் இடத்தில் நோட்டீசே தீர்ப்பாகிவிடுகிறது!

அப்படியானால் காப்புரிமையே வேண்டாம் என்கிறோமா? இல்லை. கோவை ஜி.டி. நாயுடுவின் மூளையைப் போற்றி வளர்ந்தவர்கள் நாம். கண்டுபிடித்தவனுக்குப் பரிசு வேண்டும். ஆனால் காப்புரிமை வானத்திலிருந்து விழுந்த வரமா? வருணாசிரமம் போலப் பிறப்புரிமையா? அது ஓர் ஒப்பந்தம். "உன் கண்டுபிடிப்பை ஒளிக்காமல் எழுதிக் கொடு, இருபதாண்டு உனக்கே விட்டுத் தருகிறோம், பிறகு அது ஊர்ப் பொதுச்சொத்து" — இவ்வளவுதான் பேச்சு. ஒப்பந்தத்தில் ஒரு கை கண்டுபிடிப்பாளன்; மறு கை பொதுமக்கள். சட்டத்தின் 83ஆம் பிரிவும் இதைத்தான் சொல்கிறது: வெளிநாட்டுச் சரக்கை இறக்கி விற்கும் ஏகபோகத்துக்காகக் காப்புரிமை தரப்படுவதில்லை, கண்டுபிடிப்பு இந்த நாட்டில் தொழிலாக நடக்க வேண்டும் என்பதற்காகவே தரப்படுகிறது.

இந்த எண்ணத்துக்குக் கால்கோள் இட்டது யார் தெரியுமா? சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்த இராஜகோபால அய்யங்கார், 1959இல் தந்த அறிக்கை. காப்புரிமைகளில் பெரும்பகுதி அந்நியர் கையில் இருந்ததையும், அவற்றில் பெரும்பாலானவை இங்கே தொழிலாக நடக்கவில்லை என்பதையும் அந்த அறிக்கை எடுத்துக் காட்டியது. அதன் வழியே 1970ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. 1972இல் நடைமுறை ஆயிற்று. மருந்துக்குப் பொருள் உரிமை கிடையாது, செய்முறை உரிமை மட்டுமே என்றது. ஒரே மருந்தை வேறு முறையில் செய்யலாம் என்றானது, மருந்துத் தொழில் வளர்ந்தது, விலை இறங்கியது. பிறகு உலக வர்த்தக அமைப்பின் உடன்பாடு வந்தது. 2005 ஜனவரி முதல் மருந்துப் பொருளுக்கே மீண்டும் காப்புரிமை என்றாயிற்று.

பிளக்குக்கு மூண்ட வழக்கு மருந்துக்கு மூண்டால் என்ன ஆகும்? வண்டி வாங்க நினைத்தவன் காத்திருப்பான். நோயாளிக்குக் காத்திருக்க ஆயுள் வேண்டுமே! ஸ்விட்சர்லாந்தின் நோவார்ட்டிஸ் இரத்தப் புற்றுநோய் மருந்தான கிளிவெக்கின் புதிய வடிவத்துக்குக் காப்புரிமை கேட்டது. மாதத்துக்கு அதன் விலை சுமார் 1,20,000 ரூபாய். இந்திய நிறுவனங்கள் செய்த அதே மருந்து பத்தாயிரம் ரூபாய்க்குள்! புற்றுநோயாளர்களுக்காகப் பாடுபடும் சங்கம் ஒன்று முன்கூட்டியே எதிர்மனு போட்டது. 2006 ஜனவரியில் சென்னைக் காப்புரிமை அலுவலகம் கைவிரித்தது: பழைய மருந்தின் புது வடிவம் கூடுதல் குணம் தராவிட்டால் உரிமை இல்லை என்ற 3(டி) பிரிவு குறுக்கே நின்றது. அந்தப் பிரிவே செல்லாது என்று நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றம் வந்தது. 2007 ஆகஸ்டில் தோற்றது. 2013 ஏப்ரல் 1இல் உச்ச நீதிமன்றத்திலும் தோற்றது. ஓசூர் ஆலையில் உழைப்பவன் மாதம் ஒன்றேகால் லட்சத்துக்கு எங்கே போவான்? அவனைக் காத்தது ஒரு சட்டப் பிரிவும், அதைப் பிடித்து எதிர்மனு போட்ட ஒரு சங்கமும்!

அந்த எதிர்மனுவுக்கு இன்று என்ன கதி? 2024 மார்ச்சில் ஒன்றிய அரசு விதிகளைத் திருத்தியது. உரிமை வழங்கும் முன் எதிர்க்க வருகிறவர்கள் இனிக் கட்டணம் கட்ட வேண்டும். கண்டுபிடிப்பைத் தொழிலாக நடத்துகிறீர்களா என்று உரிமையாளர் ஆண்டுதோறும் தந்த கணக்கு, இனி மூன்றாண்டுக்கு ஒருமுறை தந்தால் போதும். காவல்காரனிடம் கட்டணம், காவலுக்கு உட்பட்டவனுக்குச் சலுகை! நல்ல நியாயம்!

இனிச் சாவியைப் பற்றிப் பேசுவோம். பொதுச் சுகாதாரம் அரசியல் சட்டப்படி மாநிலப் பட்டியலில் இருக்கிறது. ஆஸ்பத்திரி மாநிலத்தினுடையது, வரிசையில் நிற்கும் நோயாளி மாநிலத்தின் மகன், மருந்தை மொத்தமாக வாங்கித் தரத் தமிழகம் 1994இலேயே மருத்துவப் பணிகள் கழகம் கண்டது. ஆனால் காப்புரிமை? ஒன்றியப் பட்டியல், 49ஆம் இனம்! அரசின் பயனுக்காக ஒரு கண்டுபிடிப்பை எடுத்துக்கொள்ளச் சட்டத்தின் 100ஆம் பிரிவு வழி சொல்கிறது. 'அரசின் பயன்' என்பதில் மாநில அரசின் பயனும் அடங்கும் என்று 99ஆம் பிரிவு பெருமையாகச் சொல்கிறது. ஆனால் எடுக்கும் அதிகாரம் டில்லிக்கும், டில்லி எழுத்தில் அனுமதித்தவருக்கும் மட்டுமே! பசி நமக்கு, பானை நமது, அகப்பை மட்டும் டில்லியில்!

சாவி சுழன்றால் என்ன நடக்கும் என்பதற்குச் சாட்சி உண்டு. 2012 மார்ச்சில் கட்டாய உரிமம் முதன்முதலாகத் தரப்பட்டது. பேயர் நிறுவனம் மாதம் 2,80,428 ரூபாய்க்கு விற்ற நெக்சாவர் புற்றுநோய் மருந்தை 8,800 ரூபாய்க்குத் தர நாட்கோ நிறுவனத்துக்கு வழி பிறந்தது. கண்டுபிடித்தவரையும் பட்டினி போடவில்லை. விற்பனையில் பங்கு தரச் சொன்னது ஆணை. சாவி சுழலாமல் கிடந்ததற்கும் சாட்சி உண்டு. 2020 அக்டோபரில், கொரோனா மருந்துகளுக்கு உலகம் காப்புரிமையைத் தளர்த்த வேண்டும் என்று தென்னாப்பிரிக்காவோடு சேர்ந்து ஜெனீவாவில் முழங்கியது டில்லி. 2021 மே மாதம், உள்நாட்டில் அதே அதிகாரத்தைப் பயன்படுத்தலாமே என்று உச்ச நீதிமன்றம் கேட்டபோது, அது எதிர்விளைவு தரும் என்று பதில் மனு போட்டது! ஜெனீவாவில் சிங்கம், இங்கே பூனை!

கேட்கலாம் சிலர்: "மாநிலத்துக்கு மாநிலம் காப்புரிமைச் சட்டமா? நாடு சிதறாதா?" சிதறாது. சட்டம் ஒன்றாகவே இருக்கட்டும். உரிமை வழங்குவதும் டில்லியிடமே இருக்கட்டும். மக்களின் உயிர் காக்க, உரிய ஈட்டுத்தொகை கொடுத்து, ஒரு மருந்தைத் தன் ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கொள்ளும் அதிகாரத்தை மாநிலத்துக்கும் கொடுங்கள் என்கிறோம். இதில் பிரிவினை எங்கே இருக்கிறது?

கிருஷ்ணகிரி மாவட்டத்திலே இன்று பிளக்கே இல்லாத வண்டி உருவாகிறது. போச்சம்பள்ளியில் ஓலா, ஓசூரில் ஏத்தர், டி.வி.எஸ்.ஸும் மின்வண்டி விற்கிறது. பிளக் போனதால் பூசலும் போய்விடுமா? பேட்டரியில், மோட்டாரில், வண்டியை இயக்கும் மென்பொருளில் — ஒவ்வொன்றிலும் அடுக்கடுக்காகக் காப்புரிமைகள். உரிமையாளர்களோ உலகெங்கும். அடுத்த நோட்டீஸ் யாருக்கு வருமோ! அதற்குள் வீட்டை ஒழுங்கு செய்ய வேண்டாமா?

நமது கோரிக்கை ஐந்து. காப்புரிமை செல்லுமா என்ற கேள்விக்கு, உச்ச நீதிமன்றம் 2009இல் விரும்பியபடி, மாதக்கணக்கில் விடை கிடைக்க வேண்டும். சிறு பட்டறைக்காரனுக்கு அரசு வக்கீல் உதவி தர வேண்டும். எதிர்மனுவுக்கான கட்டணத்தை ஒழிக்க வேண்டும். தொழிலாக நடத்தும் கணக்கை மீண்டும் ஆண்டுதோறும் வாங்க வேண்டும். 100ஆம் பிரிவில் டில்லியோடு மாநில அரசின் பெயரையும் எழுத வேண்டும்.

1969இல் இராஜமன்னார் குழு அமைத்தோம்; 1974இல் மாநில சுயாட்சித் தீர்மானத்தைச் சட்டமன்றத்தில் நிறைவேற்றினோம்; 2025 ஏப்ரலில் குரியன் ஜோசப் தலைமையில் குழு கண்டது தமிழகம். சுயாட்சி என்றதும் வரியும் ஆளுநரும் மட்டுமே நினைவுக்கு வருகிறவர்கள், இந்த 49ஆம் இனத்தையும் எடுத்துப் படிக்கட்டும். சுயாட்சி மேடைப் பேச்சுக்கான அலங்காரச் சொல் என்று எண்ணுவோருக்குச் சொல்கிறோம்: ஓசூர்ப் பட்டறையில் லேத்து ஓடுவதும், ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒருவன் பிழைப்பதும் அதில் அடங்கியிருக்கின்றன. பூட்டு யார் கையிலும் இருக்கட்டும். சாவியில் ஒன்று நமக்கு வேண்டும். கேட்போம், கிடைக்கும்வரை கேட்போம்!