கண்டம் செய்யும் முன் காரணம் எழுதுங்கள்

அரசு அலுவலகத்தில் ஒரு நாற்காலியின் கால் உடைந்தால் அதை அப்படியே குப்பையில் போட முடியாது. வேலை பார்த்த நண்பர்களுக்கு இது தெரியும். ஸ்டாக் ரெஜிஸ்டரில் அதன் வரியைத் தேட வேண்டும். எப்போது வாங்கியது, என்ன விலை, ஏன் இனி உதவாது என்று குறிப்பு எழுத வேண்டும். அதிகாரி பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் 'கண்டம்' ஆகும். நான் ஸ்டோர் பிரிவில் ஏழு வருஷம் இருந்தவன். "காரணம் என்ன?" என்ற ஒரு கேள்வியோடு எத்தனையோ கோப்புகள் என் மேசைக்குத் திரும்பி வந்திருக்கின்றன. அப்போது எரிச்சலாக இருக்கும். இப்போது அந்தக் கேள்வியை ஒவ்வொரு வீட்டு வாசலிலும் எழுதி ஒட்டலாம் போலிருக்கிறது.

சொல்ல வந்தது ஒரு பொம்மை லாரியைப் பற்றி.

மே மாத விடுமுறைக்குப் பெங்களூரிலிருந்து பேரன் வந்திருந்தான். பத்து வயது. பிறந்தநாளுக்கு அவன் அப்பா வாங்கிக் கொடுத்த ரிமோட் லாரியையும் கொண்டு வந்திருந்தான். அசல் லாரியில் பதினாறில் ஒரு பங்கு அளவு. ராணுவப் பச்சை நிறம். நான்கு சக்கரமும் இழுக்கும். விலை 3200 ரூபாய். மாலை ஆறு மணிக்கு மேல் கடற்கரைச் சாலையில் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள் அல்லவா, அங்கே தினமும் ஓட்டினான். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீராம்பட்டினம் மணலில் ஓட்டினோம். மறுநாள் 'கறகற' என்று சத்தம். முன்சக்கரம் இரண்டும் இழுக்கவில்லை.

மகனுக்குப் போன் போட்டான். "விடுடா, புதுசு ஆர்டர் பண்றேன், நாளைக்கே வந்துடும்" என்று பதில். பையன் போனை வைத்தான், லாரியைத் தூக்கினான், சமையலறைக் குப்பைக் கூடையில் போட்டான், டிவி பார்க்கப் போய்விட்டான். அழவில்லை, முகம் கூட வாடவில்லை. அதுதான் என்னை உலுக்கியது. முந்தின இரவு வரை தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கிய லாரி அது.

நான் படித்தது பிரெஞ்சுப் பள்ளியில். சின்ன வகுப்புகளில் 'லெசோன் த ஷோஸ்' என்று ஒரு பாடம் உண்டு. பொருட்பாடம் என்று சொல்லலாம். முசே ஒரு பூட்டையோ, மெழுகுவர்த்தியையோ, அவரைக் கொட்டையையோ மேசைமேல் வைப்பார். புத்தகம் கிடையாது. தொட்டுப் பார், பிரித்துப் பார், பிறகு பேசு. பூட்டுக்குள்ளே வில் இருக்கிறது என்பதை நான் விரலால் கற்றுக்கொண்டேன். அந்தப் பாடத்தை இந்தப் பையனுக்கு நடத்துவது என்று முடிவு செய்து லாரியைக் கூடையிலிருந்து எடுத்தேன். என் மனைவி, "உங்களுக்கு வேற வேலையே இல்லையா?" என்றாள். உண்மையில் இல்லை.

தலைகீழாகப் பிடித்து ரிமோட்டை அழுத்தச் சொன்னேன். மோட்டார் ஓடுகிறது. பின்சக்கரம் சுற்றுகிறது. முன்பக்கம் போகும் ஷாஃப்டும் சுற்றுகிறது. "அப்படின்னா எங்கே கோளாறு?" என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "ஷாஃப்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவுல, தாத்தா" என்றான். பாதி ரிப்பேர் அங்கேயே முடிந்துவிட்டது. லாரி மெக்கானிக்குகள் சொல்லும் கிரௌனும் பினியனும் இந்தக் குட்டி வண்டியிலும் இருக்கின்றன. முன் ஹவுசிங்கைத் திறந்தால் பிளாஸ்டிக் கிரௌனில் மூன்று பல் போய்விட்டிருந்தது. கிரீஸில் மணல் கலந்து அரைத்த மாவு போல இருந்தது.

இங்கே ஒரு கைப்பழக்கம் சொல்கிறேன். பிளாஸ்டிக்கில் நேராகக் கடிக்கும் திருகாணியைத் திரும்ப முடுக்கும்போது, முதலில் இடதுபுறமாக மெல்லத் திருப்புங்கள். 'டக்' என்று ஒரு இடத்தில் விழும். அதுதான் பழைய புரி. அதன் பிறகு வலதுபுறம் முடுக்குங்கள். இல்லாவிட்டால் புதுப் புரி வெட்டி, நான்காவது தடவை ஓட்டை தளர்ந்துவிடும்.

கடைக்குப் போனோம். "ஸ்பேர் எல்லாம் வராது சார், புதுசா எடுத்துக்குங்க" என்றார்கள். மூவாயிரம் ரூபாய்ப் பொருள் சாவதற்குப் பத்து ரூபாய்ப் பல்சக்கரம் கிடைக்காததுதான் காரணம். ஆன்லைனில் தேடியதில் முன்னும் பின்னும் போடும் உலோகப் பல்சக்கர செட் 450 ரூபாய்க்குக் கிடைத்தது. வந்து சேர ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளும் பையன் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். குப்பையில் போட்டபோது இல்லாத ஆசை இப்போது வந்துவிட்டது.

என் தவறையும் சொல்ல வேண்டும். பல்சக்கரத்தோடு சேர்த்து 380 ரூபாய்க்கு இன்னும் வலுவான மோட்டார் ஒன்றையும் ஆர்டர் செய்துவிட்டேன். பேராசை. மாட்டிய முதல் நாள், மணல் மேட்டில் ஏறும்போது பின்பக்கத்துப் பிளாஸ்டிக் ஷாஃப்ட் முறுக்கிக்கொண்டு பிய்ந்தது. சரி, அதையும் ஸ்டீலாக்கிவிடலாம் என்று போனை எடுத்தேன். பையன் கேட்டான்: "எல்லாத்தையும் இரும்பாக்கிட்டா அப்புறம் எது தாத்தா உடையும்?"

எழுபத்து நான்கு வயதில் எனக்குத் தோன்றாத கேள்வி. யோசித்துப் பாருங்கள். சக்கரம் கல்லில் மாட்டி நிற்கும்போது மோட்டார் தள்ளிக்கொண்டேயிருந்தால் அந்த அழுத்தம் எங்கேயாவது போய்த்தானே ஆக வேண்டும்? ஷாஃப்ட் முறியாவிட்டால் மோட்டார் சூடேறும், அல்லது மின்பலகை கருகும். மலிவாகவும் சுலபமாகவும் மாற்றக்கூடிய ஒரு பாகம் முதலில் முறிவதுதான் நல்லது. வீட்டு மின்சாரத்துக்கு ஃப்யூஸ் செய்யும் வேலை அது. பழைய மோட்டாரையே திரும்பப் போட்டேன். பிளாஸ்டிக் ஷாஃப்ட் ஒரு ஜோடி, 90 ரூபாய். ஒன்று வண்டியில், இன்னொன்று டப்பாவில்.

ஆகவே என் சண்டை தூக்கிப் போடுகிறவர்களோடு மட்டும் இல்லை. 'அப்கிரேட்' என்ற பெயரில் நல்ல பாகத்தையும் கழற்றி எறிந்துவிட்டு வாங்கிக் குவிக்கிறவர்களோடும்தான், அந்த ஒரு வாரம் அப்படி இருந்த என்னோடும்தான். உடைந்ததை மாற்று, மாற்றும்போது கொஞ்சம் நல்லதாகப் போடு. அங்கேயே நில்.

பேட்டரிக்கு வருகிறேன். 6 வோல்ட், ஐந்து செல், நிக்கல் காட்மியம். மல்ட்டி மீட்டர் வைத்துப் பார்த்ததில் நான்கு செல் உயிரோடு, ஒன்று பூஜ்யம். "7.4 வோல்ட் லித்தியம் போடுங்க, பறக்கும்" என்று யோசனை சொன்னார்கள். போடவில்லை. பழைய சார்ஜரை லித்தியத்தில் மாட்டினால் தீப்பிடிக்கும். தனி சார்ஜர் வேண்டும். செல் ஒன்றுக்கு 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவும் விடக்கூடாது. அதைத் தடுக்கும் ஏற்பாடு இந்த லாரியின் பலகையில் இல்லை. குழந்தைகள் இருக்கும் வீடு. அதே வோல்ட்டில் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு வாங்கி, அதற்கும் ஏற்றது என்று சார்ஜரில் எழுதியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். 420 ரூபாய். பழையதைக் குப்பையில் போடாதீர்கள், காட்மியம் விஷம். மின்கழிவு வாங்குகிறவர்களிடம் கொடுங்கள்.

கடைசியில் திருப்பும் மோட்டாரில் ஒரு ஒயர் அறுந்திருந்தது, சால்டர் வைத்தேன். அங்கேதான் கோபம் வந்தது. எங்கும் கிடைக்கும் சாதாரண சர்வோவுக்கு மூன்று ஒயர். இதற்கு ஐந்து. சர்வோவுக்குள்ளே இருக்க வேண்டிய மூளையை வண்டியின் பலகையிலேயே வைத்துவிட்டார்கள். தயாரிப்பில் சில ரூபாய் மிச்சம். ஆனால் நாளைக்கு அது போனால் வெளிச்சந்தை சர்வோ பொருந்தாது, பலகையையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

கணக்கு: 450, 90, 420, கூட்டினால் 960. என் பேராசை மோட்டாரையும் சேர்த்தால் 1340. புதிய லாரி 3200.

"உங்க நேரத்துக்கு விலை இல்லையா அப்பா?" என்று மகன் கேட்டான். நியாயமான கேள்வி. காலை எட்டுக்குப் போய் இரவு எட்டுக்கு வருகிறவனை உட்கார்ந்து பல்சக்கரம் மாட்டு என்று நான் சொல்லமாட்டேன். அவனுக்காக மாட்டிக் கொடுக்கத் தெருவுக்கு ஒருவர் இருந்தார். குடை, ஸ்டவ், ரேடியோ எல்லாம் அவர்கள் கையில் பிழைத்தன. பாகம் கிடைக்காதபோது அவர் என்ன செய்வார்? முதலில் அவர் கடை மூடியது. அதன் பிறகு நமக்கு நேரமில்லாமல் போயிற்று.

என் பள்ளிக்கூடத்து மொழி பேசும் நாட்டில் 2015இல் ஒரு சட்டம் போட்டார்கள். ஒரு பொருளின் ஆயுளை வேண்டுமென்றே குறைத்துத் தயாரிப்பது அங்கே குற்றம். இரண்டு வருஷம் வரை சிறை, 3 லட்சம் யூரோ அபராதம். 2021 ஜனவரியில் போன், லேப்டாப், டிவி, வாஷிங் மெஷின் போன்றவற்றின் மேல் 'எவ்வளவு சுலபமாக ரிப்பேர் செய்யலாம்' என்று பத்துக்கு மதிப்பெண் ஒட்ட வேண்டும் என்று விதி கொண்டுவந்தார்கள். பிரிக்க முடிகிறதா, பாகம் கிடைக்கிறதா, பாகத்தின் விலை என்ன என்பதற்கெல்லாம் அதில் மார்க் இருந்தது.

நம் நாட்டிலும் 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் துறை ரிப்பேர் உரிமைக்காக ஒரு குழு போட்டது. விவசாயக் கருவி, மொபைல், வீட்டு உபயோகப் பொருள், வாகனம் ஆகிய நான்கையும் முதலில் எடுத்துக்கொண்டார்கள். நல்ல காரியம். பொம்மை அந்தப் பட்டியலில் இல்லை. பொம்மைக்கு 2021 ஜனவரி முதல் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். குழந்தைக்குக் காயம் படக்கூடாது என்பதற்காக, அதுவும் சரிதான். ஆனால் உடைந்ததும் தூக்கிப் போடு என்ற பாடத்தை ஒரு குழந்தை முதன்முதலில் படிப்பது பொம்மையில்தான். அதற்குப் பிறகு மிக்சி, செருப்பு, போன் எல்லாம் வரும். அந்த வரிசையில் கடைசியில் யார் நிற்கிறார்கள் என்று முட்டி பேரிங் தேய்ந்துபோன நம் வயதுக்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

பேரப்பிள்ளைக்கு வாங்கப் போகிறவர்கள் கடையில் மூன்று கேள்வி கேளுங்கள். பல்சக்கரமும் சக்கரமும் தனியாகக் கிடைக்குமா? உடம்பு திருகாணியால் மூடியிருக்கிறதா, பசையால் ஒட்டியிருக்கிறதா? பேட்டரியைக் கழற்றி வேறு போட முடியுமா? மூன்றுக்கும் 'இல்லை' என்றால் பெட்டியை மேசையிலேயே வைத்துவிட்டு வாருங்கள். பத்துப் பேர் அப்படி வந்தால் கடைக்காரர் மொத்த வியாபாரியிடம் கேட்பார். அவர் தயாரிப்பாளரிடம் கேட்பார்.

ஊருக்குப் போகும் அன்று பேரன் லாரியோடு என் பழைய திருப்புளி ஒன்றையும் கேட்டு வாங்கிக்கொண்டான். போன வாரம் போன் வந்தது. "தாத்தா, இடது பின்சக்கரம் ஆடுது. கழட்டிப் பார்த்தேன், உள்ளே புஷ் தேஞ்சிருக்கு. அப்பாகிட்ட சொல்லலை, புதுசு வாங்கிடுவார். அளவு எடுத்து அனுப்பட்டுமா?"

பாருங்கள், காரணத்தோடு கோப்பு வந்திருக்கிறது. நாளைக்குக் காந்தி வீதி ஞாயிறு சந்தையில் தேட வேண்டும்.