சேப்பாக்கத்து அரண்மனையை மறைத்தவர் யார்?

சென்னைக் கடற்கரைச் சாலை வழியே நாள்தோறும் போவோர் வருவோர் எண்ணிறந்தவர். அவர்களுள் சேப்பாக்கத்து அரண்மனையைக் கண்ணாற் கண்டவர் மிகச் சிலரே. அரண்மனை அழிந்துபட்டதாலன்று. 1768-ஆம் ஆண்டில் ஆர்க்காட்டு நவாபு முகமது அலி வாலாஜாவுக்காகக் கட்டப்பட்ட இடத்திலேயே அது இன்றும் நிற்கிறது. ஆனால் கடலை நோக்கிய அதன் முகத்துக்கு முன்னே எழிலகம் முதலிய அடுக்குமாடி அலுவலகங்கள் எழுந்து நிற்கின்றன. எழிலகம் என்று பெயர் சூட்டியவர் நகைச்சுவை உள்ளவர் போலும்! எழிலை அகத்தே ஒளித்து வைத்திருப்பது என்று பொருள் கொண்டால் பெயர் முற்றும் பொருத்தமே.

பழைய கட்டிடங்களின் அருகில் புதியன எழுப்பலாமா, எழுப்பினால் எவ்விதம் எழுப்புவது என்னும் பிரச்னை நமது நகரங்களிலெல்லாம் தலைதூக்கி நிற்கிறது. பழமையின் நிழலில்கூட ஒரு செங்கல்லும் வைக்கலாகாது என்பார் ஒரு சாரார். பழையதை இடித்துத் தள்ளி இடத்தைக் காலி செய்வதே முன்னேற்றம் என்பார் மற்றொரு சாரார். இவ்விரு சாராருடனும் நாம் உடன்படுவதற்கில்லை. பழமையோடு புதுமையைச் சேர்ப்பது தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. ஸ்ரீரங்கத்தின் தெற்கு ராஜகோபுரம் பல நூற்றாண்டுகள் அடிநிலையோடு நின்று போயிருந்தது. அதன்மேல் நிலைகள் எழுப்பி 236 அடி உயரமாக நிறைவேற்றியது 1987-ஆம் ஆண்டிலேதான். அதனால் கோயிலின் பழமை குன்றிவிட்டதென்று சொல்வாரில்லை. ஆகவே புதியது கூடுமா என்பதன்று கேள்வி. புதியது எங்கே நிற்க வேண்டும், எவ்வளவு உயர வேண்டும் என்பதே கேள்வி.

இக்கேள்விக்கு நல்ல விடையும் கெட்ட விடையும் சேப்பாக்கத்தில் ஒரே வளாகத்தினுள் இருக்கின்றன. 1855-ல் கடைசி நவாபு வாரிசின்றி இறந்ததும் கம்பெனியார் நவாபுப் பட்டத்தையே ஒழித்தனர். கடனுக்காக ஏலத்துக்கு வந்த அரண்மனையைச் சர்க்காரே எடுத்துக்கொண்டது. பின்னர், 1870-ஐ ஒட்டிய ஆண்டுகளில், சர்க்காரின் சிற்ப நிபுணராயிருந்த சிஷோம் துரை, கலச மகாலுக்கும் ஹுமாயூன் மகாலுக்கும் இடையே ஓர் உயர்ந்த கோபுரத்தை எழுப்பினார். ரெவின்யூ போர்டு அலுவலகத்துக்கு வேண்டிய கட்டிடங்களையும் சேர்த்தார். நவாபின் வளைவுகளையும் கும்மட்டங்களையும் நன்கு நோக்கி, அவற்றின் சாயலிலேயே கட்டினார். இன்று அக்கோபுரமும் நவாபு கட்டியதே என்று எண்ணுவோர் பலர். அவர் கட்டியது அந்நிய ஆதிக்கத்தின் அலுவலகம் என்பதை நாம் மறக்கவில்லை. ஓர் அரச வம்சத்தின் வீழ்ச்சிமேல் நின்ற கோபுரம் அது. ஆயினும் ஒன்றை ஒப்புக்கொள்வதே நேர்மை. இரண்டு மகால்களையும் அது இணைத்தது, ஒன்றையேனும் மறைக்கவில்லை.

மறைக்கும் காரியம் நாம் சுதந்திரம் பெற்ற பின்னரே நடந்தேறியது. நம்மவர் ஆட்சியில், நமது பொதுப்பணி இலாகாவினர், நமது வரிப்பணத்தைக்கொண்டு அதைச் செய்து முடித்தனர். இதை எழுதுகையில் நமக்கு வெட்கமாக இருக்கிறது.

அது கடனாளி நவாபின் ஆடம்பரந்தானே, அதைக் காட்டாவிட்டால் என்ன நஷ்டம் என்று சில நண்பர்கள் கேட்கக்கூடும். நவாபு கம்பெனி உத்தியோகஸ்தர்களிடம் கடன்பட்டது மெய்யே. அவ்வரண்மனையைக் கட்டியவரென்று சொல்லப்படும் பால் பென்பீல்டே அவருக்குக் கடன் கொடுத்தோரில் முதன்மையானவர். ஆனால் அந்தக் கடனுக்கு வட்டி எங்கிருந்து வந்தது? கர்நாடக ராஜ்யத்துக் குடியானவன் வயலிலிருந்தன்றோ வந்தது? விலை கொடுத்தவன் அவனாயிருக்க, அக்கட்டிடம் நவாபுக்கும் சொந்தமன்று, கம்பெனிக்கும் சொந்தமன்று. ஜனங்களுடைய உடைமையை ஜனங்கள் காணவொட்டாமல் செய்ய எந்த இலாகாவுக்கும் உரிமையில்லை.

பிற தேசத்தார் இத்தகைய சங்கடத்தில் என்ன செய்தனர் என்பதற்கு ஓர் உதாரணம் போதும். 1940 நவம்பர் 14-ஆம் தேதி இரவு ஜெர்மானிய விமானங்கள் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரைக் குண்டுவீசி அழித்தன. மத்திய காலத்துப் பேராலயம் கூரையிழந்து வெறுஞ் சுவர்களாயிற்று. புதிய ஆலயத்தைக் கட்டும் பொறுப்பை ஏற்ற பேஸில் ஸ்பென்ஸ் என்பவர் இடிந்த சுவர்களை அகற்றவில்லை. பழையதைப்போல் நகல் எடுக்கவுமில்லை. பாழ்பட்ட ஆலயத்தை அப்படியே நிறுத்தி, அதன் அருகில் தம் காலத்துப் பாணியில் புதியதை எழுப்பி, இரண்டையும் உயர்ந்ததொரு முகப்பு மண்டபத்தால் இணைத்தார். புதியதற்கும் செம்மணற்கல்லையே எடுத்தாண்டார். 1962-ல் அது பிரதிஷ்டையாயிற்று. சிஷோம் பழைய சாயலில் கட்டினார். ஸ்பென்ஸ் முற்றிலும் வேறு சாயலில் கட்டினார். இருவர் வேலையும் பொருந்துகின்றது. ஆகவே பாணியைப் பற்றி நாம் எவருடனும் சண்டையிட வரவில்லை. சிமெண்டுப் பெட்டி ஒன்றைக் கட்டி, அதன் தலையில் இரண்டு கும்மட்டங்களைக் கவிழ்த்துவிட்டு, பாரம்பரியத்தைக் காத்துவிட்டோம் என்று மார்தட்டும் வழக்கத்தை மட்டும் நம் எஞ்சினீயர்கள் விட்டுவிட்டால் நன்று.

கண்ணுக்குத் தெரியாத தீங்கு வேறொன்றும் உண்டு. பழஞ்சுவர் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டது. ஈரத்தை அது உள்வாங்கும். வெயில் வந்தால் வெளிவிடும். அதன்மேல் சிமெண்டைப் பூசினால், வெளியேற வழியற்ற ஈரம் சுவருக்குள்ளேயே தங்கும், உப்புப் பூக்கும், மேற்பூச்சு கல்லாய் நிற்க, உள்ளிருக்கும் செங்கல் மாவாய் உதிரும். உப்புக் காற்று வீசும் கடலோரத்தில் இத்தீங்கு இன்னும் மிகுதி. புதிய கட்டிடத்துக்காகப் பக்கத்தில் ஆழமாகத் தோண்டி நிலத்தடி நீரை இறைத்தாலோ, ஆழமில்லாத பழைய அஸ்திவாரம் தாழ்ந்து சுவர் வெடிக்கும். அனுபவமுள்ள கொத்தனார் யாவரும் இதை அறிவர். அறிய வேண்டியவர்கள் வரைபடத்தில் கையெழுத்திடுவோரே.

நம்மால் இயலாததன்று இவ்வேலை. 2012 ஜனவரியில் கலச மகால் தீப்பற்றி எரிந்தது. அணைக்கச் சென்ற தீயணைப்பு அதிகாரி ஒருவர் உயிரிழந்தார். கூரை சரிந்தது. இடித்துவிடலாம் என்ற பேச்சும் எழுந்தது. 1985-ல் மூர் மார்க்கெட் எரிந்தபோது நடந்தது அதுதான். இன்று அவ்விடத்தில் ரயில்வேக் கட்டிடம் நிற்கிறது. கலச மகாலுக்கு அக்கதி நேரவில்லை. அதே பொதுப்பணி இலாகா சுண்ணாம்பரைத்து, தேக்கு விட்டங்கள் ஏற்றி, மெட்ராஸ் டெரஸ் முறையில் கூரையிட்டு அதனை மீட்டது. இப்பொழுது தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு அங்கே நடக்கிறது. ஹுமாயூன் மகாலும் பின்னர் மராமத்துச் செய்யப்பட்டது. இலாகாவை இதற்காக மனமாரப் பாராட்டுகிறோம். ஆனால் நகையை மெருகிட்டுப் பெட்டிக்குள் பூட்டுவதால் யாருக்கு என்ன பிரயோஜனம்?

எழிலகத்தை நாளையே இடியுங்கள் என்று நாம் சொல்லவில்லை. ஆயிரக்கணக்கானோர் அங்கே வேலை பார்க்கின்றனர். ஏழை ஜனங்கள் மனுக்களோடு வந்து நிற்கும் இடம் அது. ஆனால் சிமெண்டுக் கட்டிடம் சிரஞ்சீவியன்று. ஆயுள் முடிந்து அது இறங்கும் நாள் வரும். அன்று அதே இடத்தில் முன்னதைவிட இரண்டு மாடி உயர்த்தி மற்றொன்றை எழுப்புவதற்கு வரைபடம் தயாராக இருக்குமென்றே அஞ்சுகிறோம். அரண்மனைக்கும் கடற்கரைச் சாலைக்கும் நடுவே இனி எக்கட்டிடமும் எழலாகாதென்று சர்க்கார் இப்பொழுதே உத்தரவிட வேண்டும். வளாகத்தில் வேறெங்கு எது கட்டுவதாயினும், சாலையில் நிற்பவன் கண்ணுக்கு அது எப்படித் தோன்றும் என்பதைக் காட்டும் படத்தை ஜனங்கள் முன் வைத்து, ஆட்சேபங்களைக் கேட்ட பின்னரே கல் நாட்ட வேண்டும். புராதனக் கட்டிடங்களைக் காக்க ஒரு கமிஷன் அமைப்பதற்கு 2012-லேயே சட்டசபை சட்டம் இயற்றியது. அது நடைமுறைக்கு வரப் பல ஆண்டுகள் சென்றன. இனியேனும் தாமதம் வேண்டாம்.

வாசகர்கள் இந்த ஞாயிற்றுக்கிழமை எழிலகத்தைச் சுற்றிக்கொண்டு பின்புறம் சென்று அந்தக் கோபுரத்தைப் பார்த்து வரட்டும். அடுத்த சட்டசபைக் கூட்டத்தில் சென்னையின் அங்கத்தினர் எவரேனும் பொதுப்பணி மந்திரியை எழுந்து கேட்கட்டும்: எழிலகம் இறங்கும் நாளில் அவ்விடத்தில் என்ன எழப்போகிறது?