வழிநூலும் படைப்பே

பிறர் வகுத்த நெறியில் நின்று எழுதுவோன் படைப்பாளன் ஆகான் என்றொரு கூற்று இன்று இலக்கிய மேடைதோறும் முழங்குகின்றது. செவிக்கினிய இக்கூற்றைத் தமிழ் மரபு ஏற்குமோ? ஏலாது என்பதே எம் துணிபு.

தொல்காப்பியர் நூல்களை முதல்நூல், வழிநூல் எனப் பகுத்தார். சார்புநூலையும் சேர்த்து மூன்றாக்கிய நன்னூலார், முன்னோர் நூலோடு ஒத்துச் செல்லினும் பின்னோன் தான் வேண்டும் வேறுபாட்டைக் கூறுதலே வழிநூலின் இயல்பு என்றார். அவ்வேறுபாடே படைப்பின் உரைகல்.

கம்பர் வான்மீகியைப் பின்பற்றினார். அதனை அவரே அவையடக்கத்தில் உரைத்தார். ஆயினும் வில்லொடிக்குமுன் இராமனும் சீதையும் மிதிலையில் ஒருவரையொருவர் நோக்குவதும், இரணியன் வதைப் படலமும் வான்மீகத்தில் இல்லாதவை. நம் அண்டை மொழியாம் கன்னடத்தை நோக்குக. 10-ஆம் நூற்றாண்டில் வியாசரைப் பின்பற்றிப் பாரதம் பாடிய பம்பன், தன்னைப் புரந்த அரிகேசரியை அருச்சுனனாகவே கண்டு பாடினான். கன்னடர் அவனை ஆதிகவி எனப் போற்றுகின்றனர். நகல் எடுத்தவன் என்று தள்ளவில்லை.

பிள்ளைத்தமிழுக்குப் பருவம் பத்து. அவற்றின் வரிசையும் வரையறுக்கப்பட்டதே. அம்புலியைச் சாம, தான, பேத, தண்டத்தால் அழைக்க வேண்டும் என்பதும் விதி. 17-ஆம் நூற்றாண்டில் குமரகுருபரர் அவ்விதிக்குள் நின்றே மீனாட்சியம்மையைப் பாண்டியன் மகளாகவும் உலகன்னையாகவும் ஒருங்கே காட்டினார். பருவத்தை வகுத்தது மரபு. பாட்டில் உயிர் வைத்தது புலவர் உள்ளம்.

அங்ஙனமாயின் பின்பற்றியதெல்லாம் படைப்போ எனின், அன்று. தலைவன் பெயரை மாற்றினால் வேறொரு தலைவனுக்கும் பொருந்திவிடும் நூல் வெற்று நகலே. யாம் நடுவணரசு அலுவலக எழுத்தர். முன்கோப்பைப் பார்த்து வரைவு எழுதுதல் எம் அன்றாடத் தொழில். கேட்டதற்கு மேல் ஒரு சொல்லும் அதில் இராது, இருத்தலும் ஆகாது. அதனைப் படைப்பென யாம் ஒருநாளும் கூறோம். அவ்வாறே, பிறர் வரியை உடைத்தது கண்டு தாமும் உடைப்போர், மரபை மீறினோம் என்று மார்தட்டுதலும் வீண். மீறலையும் பார்த்தெழுதுதல் கூடும்.

இவ்வழக்கு நமக்கு வெறும் சொற்போர் அன்று. ஆடுகோடியிலும் அல்சூரிலும் வளரும் நம் சிறார் பலர் பள்ளியில் தமிழ் பயிலாதவர். வெண்பாவின் தளையும் பிள்ளைத்தமிழின் பருவமும் அவர்க்குக் கைப்பிடி. முன்னோரைப் பார்த்து எழுதாதே என்று அக்கைப்பிடியையும் பறிப்பின், அவர்கள் எதனைப் பற்றி ஏறுவர்? முதலில் பின்பற்றட்டும். தாம் வேண்டும் வேறுபாட்டை நாளை அவர்களே சொல்வர்.