மாதாந்த வாகனக் கணக்கும் படுவான்கரை ஆட்டோவும்

ஒவ்வொரு மாதமும் கொழும்புப் பத்திரிகைகளின் வணிகப் பக்கங்களில் ஒரு செய்தி வெளிவரும். சென்ற மாதம் எத்தனை கார்கள் புதிதாகப் பதிவாகின, சுசுக்கி முந்தியதா டொயோட்டா முந்தியதா, சீனத்து மின் கார்கள் எவ்வளவு இடத்தைப் பிடித்தன என்றெல்லாம் அதில் இருக்கும். மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவுகளைக் கொண்டு தயாரிக்கப்படும் கணக்கு அது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரி 1ஆம் திகதி மீண்டும் அனுமதிக்கப்பட்ட பின்னர் இச்செய்திக்கு மவுசு கூடிவிட்டது. 'வளரும் சந்தை' என்று மகிழ்ச்சியோடு தலைப்பிடுகிறார்கள்.

செய்தி மேசையில் நெடுங்காலம் தலைப்பிட்டுப் பழகியவன் என்ற முறையில் இந்தத் தலைப்பில் எனக்கு ஐயம் உண்டு. ஐந்தாண்டு பூட்டிக் கிடந்த கடையைத் திறந்தால் முதல் நாள் கூட்டம் வரத்தான் செய்யும். அதை வளர்ச்சி என்று எப்படிச் சொல்வது?

தடைக்கு முந்தைய ஆண்டுகளைப் பார்த்தாலே விடயம் விளங்கிவிடும். 2015இல் நாடு முழுவதும் புதிதாகப் பதிவான கார்கள் 1 இலட்சத்து 5 ஆயிரத்துக்கு மேல். மறு ஆண்டு அது 45 ஆயிரமாகச் சரிந்தது. 2017இல் 39 ஆயிரம். 2018இல் மீண்டும் 80 ஆயிரத்துக்குத் தாவி, 2019இல் 38 ஆயிரத்துக்கு விழுந்தது. மக்களின் வருமானம் இப்படி ஆண்டுக்கு ஆண்டு இரட்டிப்பதும் பாதியாவதும் இல்லை. மாறியது வரி. 2015 ஜனவரியில் வந்த இடைக்கால வரவுசெலவுத் திட்டம் 1000 சிசிக்குட்பட்ட சிறிய கார்களின் வரியைக் குறைத்தது. அரச ஊழியரின் மாத வருமானத்தில் 10,000 ரூபா கூட்டியதும் அதே திட்டந்தான். கார் வாங்காதவன் முட்டாள் என்ற நிலை அன்று உருவாயிற்று. அதே ஆண்டு நவம்பரில் வரி ஏறியது, கூட்டம் கலைந்தது. 2018 ஓகஸ்டில் சிறிய கார்களுக்கு வரி கூட்டியபோதும் இதே கதைதான். 2019இன் சரிவில் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்கும் பங்குண்டு. மட்டக்களப்பு சீயோன் தேவாலயமும் அன்று இலக்கானதை எவரும் மறந்திருக்கமாட்டார்கள்.

ஆகவே எந்த நிறுவனம் 'சாதித்தது' என்ற ஆராய்ச்சியையும் சற்றுப் பொறுத்தே படிக்கவேண்டும். இந்தியாவிலிருந்து வந்த அல்டோவின் எஞ்சின் 796 சிசி. ஜப்பானிலிருந்து வந்த வெகன் ஆர் 658. டொயோட்டா விட்ஸ் 996. மூன்றும் 1000 என்ற கோட்டுக்குக் கீழே நிற்பதும், மூன்றும் எங்கள் வீதிகளில் நிறைந்து கிடப்பதும் தற்செயலன்று. இலங்கையர் கார் வாங்குவதில்லை, வரிப்படியை வாங்குகிறார்கள் என்று ஒரு நண்பர் வேடிக்கையாகச் சொல்வார். மின் காருக்கு வரிப்படி கிலோவாட்டில் அளக்கப்படுகிறது. அதனால்தான் 2025இல் பி.வை.டி. கார்களின் மோட்டார் எத்தனை கிலோவாட் என்பது சுங்கத் திணைக்களத்துக்கும் இறக்குமதியாளருக்கும் இடையே நீதிமன்றம்வரை போன வழக்காயிற்று. அந்த ஆண்டு சுங்கத்துக்குக் கிடைத்த வரலாறு காணாத வருமானத்தில் வாகனங்களின் பங்கு கணிசமானது. சந்தை வளர்ந்ததோ இல்லையோ, திறைசேரிக்கு மூச்சு வந்தது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று கைவிரித்த நாட்டுக்கு அது சிறிய விடயமல்ல என்பதையும் ஒப்புக்கொள்ளவேண்டும்.

இனி எங்கள் வாவிக்கரைக்கு வருவோம்.

மட்டக்களப்பை அறியாத வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் மாவட்டத்தை வாவி நெடுக்கே பிளந்து கிடக்கிறது. கடலை ஒட்டிய பக்கம் எழுவான்கரை; நகரம், பிரதான வீதி, வங்கி, போதனா வைத்தியசாலை எல்லாம் இந்தப் பக்கம். மேற்கே வயலும் குளமும் காடுமாகக் கிடப்பது படுவான்கரை. போர்க்காலத்தில் இரு கரைக்கும் இடையே வாவி மட்டுமா இருந்தது, சோதனைச் சாவடிகளும் இருந்தன. 2007வரை படுவான்கரையின் பெரும்பகுதி புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது. அன்று அங்கே சைக்கிள்தான் வாகனம். ஒரு போத்தல் பெற்றோல் கொண்டுபோவதே பெரும்பாடு. மண்முனைத்துறையில் 'பாதை' என்று நாங்கள் சொல்லும் மிதவையில் ஆளும் சைக்கிளும் ஆடும் ஒன்றாக அக்கரை சேர்ந்த காட்சியைச் செய்தியாக எழுதியவர்களில் நானும் ஒருவன்.

2013 மார்ச்சில் புதிய கல்லடிப் பாலம் திறக்கப்பட்டது. அதுவரை 1924இல் கட்டிய ஒற்றை வழிப் பழைய பாலத்தில் ஒரு பக்கம் வரும்வரை மறுபக்கம் காத்துநிற்கவேண்டும். 2014 ஏப்ரலில் ஜப்பானிய உதவியோடு மண்முனைப் பாலமும் திறக்கப்பட்டது. கொக்கட்டிச்சோலைச் சந்தியில் ஆட்டோக்கள் வரிசையாக நிற்கத் தொடங்கியது அதன் பின்னர்தான். 2015இல் நாடு முழுவதும் பதிவான முச்சக்கர வண்டிகள் 1 இலட்சத்து 29 ஆயிரம். மோட்டார் சைக்கிள்கள் 3 இலட்சத்து 70 ஆயிரம். 'கார் விற்பனை' என்ற தலைப்பின் நிழலில் மறைந்துபோகும் இந்த இரண்டுந்தான் எங்கள் பக்கத்துச் சந்தை. மீன் பெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு விடியற்காலையில் வீடுவீடாகப் போகும் வியாபாரியின் மோட்டார் சைக்கிளை எந்த வணிகப் பக்கமும் 'செயற்றிறன்' என்று பாராட்டியதில்லை. கார்களோ, பெரும்பாலும் கொழும்பில் ஒருவர் ஓட்டித் தீர்த்த பிறகே இங்கு வருகின்றன. 2023க்கு முன் வழங்கிய இலக்கத்தகட்டென்றால் மேல் மாகாண எழுத்தைப் பார்த்தாலே தெரியும்.

அடுத்து நடந்ததுதான் நான் சொல்லவந்தது. ஆட்டோ பெருகிவிட்டது, இளைஞர்கள் வேறு தொழிலுக்கு வருகிறார்களில்லை, விபத்துகள் கூடுகின்றன என்று கொழும்பில் பேச்சு எழுந்தது. 2017 ஜனவரி முதல் முச்சக்கர வண்டியின் பெறுமதியில் 25 சதவீதத்துக்கு மேல் கடன் கொடுக்கக்கூடாது என்று மத்திய வங்கி கட்டுப்படுத்தியது. காருக்கு அப்போது 50 சதவீதம்வரை கொடுக்கலாம். அந்த ஆண்டு புதிய முச்சக்கர வண்டிப் பதிவு 23 ஆயிரத்துக்கு இறங்கியது. இறக்குமதி மீண்டும் திறந்த பின், 2025 ஜூலையில் வந்த உத்தரவிலும் அதே மனப்பாங்குதான். காருக்கு அன்று 60 சதவீதம், முச்சக்கர வண்டிக்கு 50.

டொலரைக் காப்பாற்றவேண்டும் என்ற நியாயம் எனக்கு விளங்குகிறது. ஆனால் கூலிக்கு ஓடி உழைத்துக் கடனை அடைக்கும் வண்டிக்கு இறுக்கமான கயிறும், வீட்டு முற்றத்தில் நிற்கும் காருக்கு நீளமான கயிறும் என்பது எந்தக் கணக்கு? கடனை இலகுவாகக் கொடுப்பது நல்லதென்றும் நான் சொல்லவில்லை. போருக்குப் பின் லீசிங் கம்பனிகள் இங்கு வந்து குவிந்ததையும், இரண்டு தவணை தவறியவனின் வண்டியைச் சந்தியில் மறித்துத் திறப்பைப் பிடுங்கியதையும் கண்ணால் கண்டிருக்கிறேன். ஆனால் அதற்கு மருந்து லீசிங் கம்பனியை ஒழுங்குபடுத்துவது. ஏழையின் கையிலுள்ள கதவை மட்டும் சாத்துவதன்று.

மகிழடித்தீவுப் பக்கத்து ஆட்டோக்காரத் தம்பி ஒருவரோடு இதைப் பேசினேன். அவருடைய வண்டி பத்தாண்டு ஓடியது. எரிபொருளுக்கு கியூஆர் அட்டை வந்த 2022இல், கிழமைக்குக் கிடைத்த சில லீற்றரை வைத்துக்கொண்டு இரவில் பிரசவ வலி வந்தவர்களை மட்டும் ஏற்றியவர். உட்கிராமங்களில் இருட்டிய பின் பஸ் ஏது? 2025இல் புதிய ஆட்டோ இருபது இலட்சம் ரூபா அளவில் விற்றது; பாதியைக் கையில் வைத்தால்தான் பேச்சு என்றிருந்தது.

"ஐயா, கார்க்காரருக்கு அறுபது, எனக்கு ஐம்பது. நான் ஓடித்தானே கட்டப்போறன், எனக்கு ஏன் குறைச்சல்?" என்று கேட்டார். கனடாவிலிருக்கும் அக்காவிடம் கேட்கலாமே என்றேன். அந்த அக்கா அனுப்பிய காசில்தான் முதல் வண்டியே எடுத்ததாம். இன்னொருமுறை கேட்க வெட்கமாக இருக்கிறதாம். இதை வாசிக்கும் புலம்பெயர் உறவுகளில் பலருக்கு இப்படி ஒரு தொலைபேசி அழைப்பு வந்திருக்கும். வராமற் போனதற்கும் இதே வெட்கந்தான் காரணமாயிருக்கும்.

சென்ற கிழமை நகரத்தில் ஒரு கராஜில் அவரை மறுபடி கண்டேன். எஞ்சினைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். பிஸ்டனும் ரிங்கும் மாற்றினால் இன்னும் இரண்டு வருடம் ஓடும் என்று மேசன் சொல்லியிருக்கிறாராம் என்று எழுதிவிட்டேன், மெக்கானிக் என்று வாசிக்கவும். வயது போய்விட்டது.